வரைபடத்தில் நின்றுபோன கப்பல்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில், பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடிதான் அதைக் கவனித்தேன். கைத்தொலைபேசியில் என் கணவரின் கப்பலைக் காட்டும் பச்சை அம்புக்குறி ஒரு சின்ன வட்டமாக மாறியிருந்தது. ஓடுகிற கப்பல் என்றால் அம்பு, நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் என்றால் வட்டம். அன்றைக்கு எனக்குச் சந்தோசம்தான் வந்தது. கரைக்குக் கிட்ட வந்துவிட்டார், இனி சிக்னல் கிடைக்கும், ஆறுதலாகக் கதைக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் வேலை செய்தது ஒரு சின்னச் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. அதற்கு முன் நெல்லியடியில் ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் கப்பலுக்குப் போவது புதுமையில்லை. ஒரு முகவர் மூலமாக இடம் கிடைத்தது, போனார். போவதற்கு முதல்நாள் என் போனை வாங்கி இரண்டு விஷயங்களைப் போட்டுத் தந்தார். ஒன்று, கப்பலின் பெயரை அடித்தால் அது எந்தக் கடலில் நிற்கிறது என்று காட்டுகிற செயலி. மற்றது, காற்றும் அலையும் எந்தப் பக்கம் எவ்வளவு என்று நிறம் நிறமாகக் காட்டுகிற இணையத்தளம்.

“இஞ்சாரும், உதிலை பாத்தால் நான் எங்கை நிக்கிறன் எண்டு தெரியும். பாத்திட்டு நிம்மதியாய்ப் படும். சும்மா யோசிச்சு யோசிச்சு முழிச்சிருக்காதையும்” என்றார்.

மகள் அப்போது முதலாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தால் வந்ததும் என் போனைப் பறித்து “அப்பா எங்கை?” என்று பார்ப்பாள். அந்த அம்புக்குறிக்கு அவள் வைத்த பெயரே அப்பாதான். அப்பா வளைகிறார், அப்பா இன்றைக்கு வேகமாகப் போகிறார் என்பாள். கப்பல் நடுக்கடலுக்குப் போனால் சிக்னல் எட்டாது. அம்பு சாம்பல் நிறமாகி ஒரே இடத்தில் நிற்கும். முதல்தரம் அப்படி நின்றபோது நான் பயந்து சாப்பிடாமல் இருந்தேன். பிறகு பழகிவிட்டது. இரண்டு மூன்று நாளில் வேறொரு கரைக்குப் பக்கத்தில் அம்பு பச்சையாக முளைக்கும்.

காற்று காட்டுகிற தளமும் எனக்குப் பழகிப்போனது. நீலம் என்றால் கடல் அமைதி, பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் வந்தால் கவனம், சிவப்புக்கு மேலே போனால் ஒருவரும் கடலில் நிற்கக் கூடாது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளில் முக்கால்வாசிப் பேர் கடல் தொழில். அவர்களும் தங்கள் போன்களில் ஏதோ ஒன்றைப் பார்ப்பார்கள்தான். ஆனாலும் நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து, பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். “பிள்ளை, நாளைக்கு வாடை எப்பிடியாம்?” நான் எங்கள் கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதே விரலால் வரைபடத்தைத் தள்ளித் தள்ளி அவர் நிற்கிற கடலுக்குப் போவேன். இரண்டும் ஒரே தண்ணீர்தானே என்று மனதுக்கு ஒரு ஆறுதல்.

வட்டம் நின்றது ஒரு அரபு நாட்டின் துறைமுகத்துக்கு வெளியே. முதல் கிழமை ஒவ்வொரு நாளும் கதைத்தார். சரக்கு இறக்க இடம் கிடைக்கவில்லை, காத்திருக்கிறோம் என்றார். பிறகு கதை மாறியது. கப்பல் முதலாளி போன் எடுக்கிறார் இல்லை. எங்களுக்கு இடம் எடுத்துத் தந்த முகவரின் நம்பரும் வேலை செய்யவில்லை. சம்பளம் வரவில்லை என்பதைக்கூட அவர் கடைசியாகத்தான் சொன்னார். கப்பலை விட்டு இறங்கிவிடுங்கோ என்றேன். இறங்க முடியாதாம். கரைக்குப் போகிற அனுமதி இல்லை. கப்பலை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் சட்டப்படி பிழையாம். முதலாளி கைவிட்ட கப்பலில் ஆட்கள் இப்படி மாதக்கணக்காக மாட்டிக்கொள்வார்கள் என்று அதற்கு முதல் நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு அலுவலகத்தில் கேட்டேன். கொழும்புக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்று கேட்டார்கள். செயலியில் பார்த்துச் சொன்னேன். அது நான் பெயரே அறியாத ஒரு தீவு. அந்த நாட்டோடு கதைத்துத்தான் ஏதும் செய்யலாம், பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருந்தேன். வேறென்ன செய்வது?

கார்த்திகை மாதம், விளக்கீட்டுக்குக் கிட்டவாக, அவர் எடுத்த அழைப்பு இன்னும் காதில் நிற்கிறது. குரல் வறண்டிருந்தது.

“டீசல் முடியப்போகுது. ஒரு மணித்தியாலம்தான் ஜெனரேட்டர் போடுகினம். எல்லாற்றை போனும் வரிசையிலை கிடக்கு. இனிக் கதைக்காட்டில் பயப்பிடாதையும்.”

“எனக்கு எப்பிடித் தெரியும் நீங்கள் சுகமாய் இருக்கிறியள் எண்டு?”

“அந்த வட்டத்தைப் பாரும். அது நிக்கிற வரைக்கும் நானும் நிக்கிறன்.”

அதற்குப் பிறகு ஒரு கிழமை வட்டத்தையே பார்த்தேன். நான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். ஒருவருக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பார்ப்பேன். அடுத்தவர் வருவதற்குள் இன்னொருதரம் பார்ப்பேன். ஒருநாள் மத்தியானம் வட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது. கப்பல் கரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, நடுக்கடலில் இல்லை. சிக்னல் எட்டாமல் போக வழியில்லை. கப்பலில் மின்சாரம் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலே இல்லாமல் போயிருக்க வேண்டும். இரண்டில் எது என்று அந்தச் செயலி சொல்லாது. கடைசியாகச் சிக்னல் கிடைத்து எவ்வளவு நேரம் என்பதை மட்டும் காட்டியது. அந்த நேரம் மணித்தியாலமாகி, நாளாகி, கூடிக்கொண்டே போனது.

மகளுக்கு என்ன சொல்வது? “அப்பா நித்திரை” என்றேன். அவள் நம்பினாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒழுங்கை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடலுக்குப் போகிற வீட்டுச் சனம் அதைக் கேட்காது. பக்கத்து வீட்டு அண்ணை காற்றைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார். மீன் பிடிபட்ட நாட்களில் அவருடைய மனைவி ஒரு சட்டியில் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

அந்தச் செயலியில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் கப்பலின் படங்கள் இருக்கும். உலகம் முழுக்கக் கப்பல்களைப் படம் எடுத்துப் போடுவதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கப்பலின் பக்கத்தில் இருந்ததெல்லாம் பழைய படங்கள், புதுப் பெயின்ற் அடித்த காலத்துப் படங்கள். ஒருநாள் காலை திறந்தபோது புதிதாக ஒன்று இருந்தது. உயரமான இடத்தில் இருந்து எடுத்த படம். தூரத்தில், துருப்பிடித்து, தனியாக அந்தக் கப்பல் நின்றது.

தாழவில்லை, நிற்கிறது. எடுத்தவரின் பெயருக்குக் கீழே எழுத இடம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது. பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு எழுதினேன். இந்தக் கப்பலில் என் கணவர் இருக்கிறார், இரவில் அதில் வெளிச்சம் தெரிகிறதா என்று. அவ்வளவுதான் கேட்கத் தோன்றியது.

அன்று மத்தியானமே படம் எடுத்தவள் என் நம்பரைக் கேட்டு வாங்கி, தமிழில் குரல் பதிவாகப் பதில் அனுப்பினாள். என் பெயர் தமிழ் எழுத்தில் இருந்ததைப் பார்த்தாளாம்.

“சேச்சி, நான் கேரளா. கோயம்புத்தூர்லதான் நர்சிங் படிச்சேன், எனக்குத் தமிழ் தெரியும். நீங்க தமிழ்லயே பேசுங்க. அந்தக் கப்பல் எங்க ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்தா தெரியும். லைட் இல்ல சேச்சி. ஆனா ஆளுங்க இருக்காங்க. காலைல துணி காயப்போட்டிருந்தாங்க.”

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் இயந்திரத்தின் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுங்க இருக்காங்க என்ற அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அவள் என்னைவிட இளையவள். அந்த ஊர் பெரியாஸ்பத்திரியில் தாதி. கணவனும் பிள்ளையும் கேரளாவில் இருந்தார்கள். கடற்கரைக்கு எதிரே ஒரு மாடிக் கட்டடத்தில் வேறு பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். அன்றிலிருந்து, வேலைக்குப் போவதற்கு முன் யன்னலில் நின்று தன் கமராவால் கப்பலைப் பார்த்து எனக்குச் சொல்லத் தொடங்கினாள். நான் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

“இன்னைக்கு ரெண்டு பேர் பின்னாடி நின்னு தூண்டில் போடுறாங்க.”

“மழை பெஞ்சது சேச்சி, வாளி வச்சுத் தண்ணி பிடிச்சாங்க.”

“இன்னைக்கு யாரையும் காணோம். பயப்படாதீங்க, குளிரு, உள்ள இருப்பாங்க.”

ஒரு படத்தில் கப்பலின் கம்பியில் துணிகள் காய்ந்தன. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இது அப்பான்ரை சாரம்!” என்று கத்தினாள். அவர் வீட்டில் இடுப்பில் கட்டுகிற, பச்சைக் கட்டம் போட்ட சாரம். புள்ளி புள்ளியாக உடைந்த அந்தப் படத்தில் அது ஒரு பச்சைக் கறை மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அவள் பிழைவிடவில்லை. நான்தான் அதைச் சந்தையில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்கே உடனே தெரியவில்லை.

ஒருநாள் அந்தத் தாதியிடம் கேட்டேன், ஏன் இதெல்லாம் எங்களுக்காகச் செய்கிறாய் என்று.

“டியூட்டி முடிஞ்சு வந்தா எனக்கு இந்த ஜன்னல்தான் சேச்சி. ரூம்ல இருக்கற நாலு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட். பேச ஆள் கிடையாது. அதான் கப்பல் படம் எடுக்க ஆரம்பிச்சேன். இப்போ அந்தக் கப்பல்ல இருக்கறவங்க எனக்குத் தெரிஞ்சவங்க மாதிரி ஆயிட்டாங்க.”

அவள் போகிற தேவாலயத்தில் சொல்லி, அவர்கள் அனுமதி எடுத்து ஒரு படகில் அரிசியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பவர்பாங்கும் அனுப்பினாள். அன்று பின்னேரம் என் கணவர் எடுத்தார். கன நாளைக்குப் பிறகு கேட்ட குரல்.

“ஆரப்பா அந்தப் பிள்ளை?” என்றார்.

“எனக்கும் தெரியாது. உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.”

“கரையிலை ஆயிரம் யன்னல் தெரியுது. எது எண்டு ஆருக்குத் தெரியும்?” பிறகு சொன்னார். “நான் நல்லாய் மெலிஞ்சு போனன். வீடியோ வேண்டாம், பிள்ளை பயப்பிடும்.”

பவர்பாங்க் தீர்ந்ததும் குரலும் நின்றது. மீண்டும் யன்னல் மட்டும்தான்.

மார்கழி வந்தது. எங்கள் பக்கம் திருவெம்பாவைக் காலம், விடியமுன் கோயில்களில் மணிச் சத்தமும் சங்குச் சத்தமும் கேட்கும். அந்த நேரத்தில் எழும்பிக் குளித்துவிட்டு வந்து காற்று வரைபடத்தைத் திறந்தேன். அந்தத் தளம் வரப்போகிற நாட்களையும் காட்டும். கீழே உள்ள கோட்டை விரலால் தள்ளினால் நாளை, நாளை மறுநாள் என்று கடலின் நிறம் மாறிக்கொண்டு போகும். தள்ளினேன். வளைகுடாவின் மேற்பக்கத்தில் மஞ்சளாகத் தொடங்கிய ஒன்று, தள்ளத் தள்ளச் சிவப்பாகிக் கீழே இறங்கியது. அவர்கள் நிற்கிற இடத்துக்கு வந்தபோது சிவப்பும் தாண்டி ஊதா நிறம். காற்று கடலில் இருந்து கரையைப் பார்த்து அடிக்கப்போகிறது.

எஞ்சின் ஓடாத கப்பல். ஒரு நங்கூரச் சங்கிலிதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் ஒழுங்கை ஆட்களின் வள்ளங்கள் மாரிக் காற்றுக்குக் கயிறு அறுந்து கரையில் ஏறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலிக்குப் போய் அண்ணையைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினேன். கன நேரம் பார்த்தார். “சொல்லக்கூடிய ஆக்களுக்குச் சொல்லு பிள்ளை, கெதியாய்ச் சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

சொன்னேன். கொழும்புக்கு எடுத்தேன், குறித்துக்கொண்டார்கள். அந்தத் தாதிக்குச் சொன்னேன். அவள் வேலை முடிந்து நேரே துறைமுக அலுவலகத்துக்குப் போய், அந்த வரைபடத்தை அவர்களுக்குக் காட்டினாளாம். எங்களுக்கும் தெரியும், எச்சரிக்கை கொடுத்தாயிற்று என்றார்களாம். எச்சரிக்கை கொடுத்தால் என்ன செய்வது? எஞ்சின் ஓடுகிற கப்பல்கள் எல்லாம் அன்றே நங்கூரம் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டன. செயலியில் பார்த்தேன். வட்டங்கள் ஒவ்வொன்றாக அம்புகளாகி விலகிப் போயின. அவர்களுடைய சாம்பல் வட்டம் அங்கேயே கிடந்தது.

காற்று வரும் என்று காட்டிய அந்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே அங்கே காற்றுத் தொடங்கிவிட்டது. அவளுக்கு லீவு, யன்னலில் நின்றாள். தூசியும் தண்ணீருமாகக் கடல் மறைந்து மறைந்து தெரிகிறது என்றாள். வரைபடத்தில் ஊதா நிறம் அந்த இடத்தை மூடியிருந்தது. எனக்கு முன்னால் அந்த நிறம், காதில் அவளுடைய குரல். எங்கள் வீட்டுக்கு வெளியே மழை ஓய்ந்து, வெயிலே எறித்துக்கொண்டிருந்தது.

“தெரியுது சேச்சி. நிக்குது.”

“இப்போ தெரியல.”

“சேச்சி, எனக்கு என்னமோ கிட்ட வந்த மாதிரி தோணுது.”

அதன்பிறகு மத்தியானத்துக்குப் பிந்தி ஒரு பதிவு வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நங்கூரம் இழுபட்டுக் கப்பல் கரையை நோக்கி வருகிறது, அவசர நம்பருக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன் என்றாள். பிறகு கப்பல் மணல்திட்டில் ஏறிச் சரிந்துவிட்டது என்றாள். அலை அதன் மேலால் போகிறது, படகு கிட்டப் போக முடியவில்லை என்றாள். இருட்டிய பிறகு அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மகள் என் மடியில் கிடந்தபடியே நித்திரையானாள்.

விடிந்து காற்று இறங்கிய பிறகுதான் ஆட்களை இறக்கினார்கள். கொண்டுபோனது அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு. அந்த ஊரில் அதுதான் பெரியது. அங்கே போகிற வழியில் இருந்து அவள் அனுப்பிய பதிவு இது:

“சேச்சி, நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஒருத்தர் இறந்துட்டார்னு சொல்றாங்க. யாருன்னு எனக்குத் தெரியல. நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன். போன கையில வச்சிருங்க.”

அவள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. வீட்டுச் சுவாமி அறைக்குள் போனேன். கும்பிடக் கை எழும்பியது. என்ன கேட்பது? இறந்தவர் இனி எழும்பப் போவதில்லை. அது இவராக இருக்கக் கூடாது என்று கேட்டால், வேறொருவராக இருக்கட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். அது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கிக்கொண்டுதான் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

போன் அடித்தது. இந்தமுறை படத்தோடு அழைப்பு. அவளுடைய முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். போனைத் திருப்பினாள். கட்டிலில், நெற்றியில் கட்டோடு, தாடி வளர்ந்து, எலும்பும் தோலுமாக ஒருவர் கிடந்தார். கண்ணை வைத்துத்தான் அவர் என்று தெரிந்தது.

“இருக்கிறன்” என்றார். அதற்கு மேல் அவரால் கதைக்க முடியவில்லை.

இறந்தவர் வங்காளதேசக்காரர். என் கணவரோடு ஒரே எஞ்சின் அறையில் வேலை செய்தவர். நங்கூரம் இழுபடத் தொடங்கியதும் இரண்டாவது நங்கூரத்தைக் கையால் கழற்றி விடலாமென்று இருவரும் முன்பக்கம் போயிருக்கிறார்கள். ஒரு அலை தூக்கி அடித்ததில் அவர் இரும்பில் மோதி விழுந்துவிட்டார். இவர் அவரை இழுத்துக்கொண்டு ஒரு நடைபாதைக்குள் ஒதுங்கியிருக்கிறார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது இவர் இல்லை. கப்பலில் இருந்த மற்றவர்களிடம் கேட்டு, அந்தத் தாதிதான் சொன்னாள்.

இவர் வீட்டுக்கு வந்துசேர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. வந்தவர் பழைய ஆள் இல்லை. மகள் மெல்ல மெல்லத்தான் கிட்டப் போனாள். கடற்கரை வீதியால் போனால் கிட்டம் என்றாலும் உள் ஒழுங்கையால் சுற்றித்தான் போவார். அங்கே என்ன நடந்தது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிடுவார், கதிரையில் இருப்பார், யாராவது கப்பல் என்று பேச்செடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

பங்குனியில் ஒருநாள், எனக்குத் தெரியாத ஒரு நம்பரில் இருந்து செய்தி வந்தது. கப்பலின் படத்துக்குக் கீழே நான் முன்பு எழுதியிருந்ததைப் பார்த்து, அந்தத் தாதியிடம் கேட்டு என் நம்பரை எடுத்திருக்கிறார். இறந்தவரின் மனைவி. என்னுடைய மொழி அவருக்குத் தெரியாது, அவருடையது எனக்குத் தெரியாது. மொழிபெயர்க்கிற ஏதோவொரு செயலியில் போட்டு, தமிழாக்கி அனுப்பியிருந்தார். செயலித் தமிழ் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

“அன்புள்ள சகோதரி, உங்கள் கணவர் என் கணவருடன் கடைசியில் இருந்ததாகச் செவிலியர் கூறினார். நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். என் கணவர் குளிர்ச்சியாக இருந்தாரா?”

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவருக்குக் குளிர்ந்ததா என்று கேட்கிறார்.

இவரிடம் காட்டுவதா விடுவதா என்று அன்று முழுக்க யோசித்தேன். பின்னேரம் தேத்தண்ணியோடு போனையும் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். வாசித்தார். தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை போனைக் கையில் வைத்தபடி இருந்தார். எழும்பிப் போகவில்லை.

“நடுங்கிக்கொண்டுதான் இருந்தவன்” என்றார் கடைசியில். “உடுப்பெல்லாம் ஈரம். போர்க்க ஒண்டுமில்லை. நான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தனான். தன்ரை பாஷையிலை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன். எனக்கு விளங்கேல்லை. ஓம் ஓம் எண்டு சொன்னன். பிறகு நடுக்கம் நிண்டிட்டுது. குளிர் விட்டிட்டுதாக்கும் எண்டு நான் நினைச்சன்.”

அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கலியாணம் கட்டிய நாளில் இருந்து பார்த்ததில்லை.

“என்னெண்டு எழுதட்டும்?” என்று கேட்டேன். “குளிரேல்லை எண்டு எழுதட்டோ?”

போனை என் கையில் திருப்பித் தந்தார்.

“வேண்டாம். பொய் வேண்டாம். குளிர்ந்தது எண்டு எழுதும். ஆனால் தனிய இருக்கேல்லை எண்டும் எழுதும்.”

அப்படியே எழுதினேன். செயலி அதைக் குழப்பிவிடக் கூடாதென்று சின்னச் சின்ன வசனமாக எழுதி, அதை வங்காளமாக்கி, திரும்பத் தமிழாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினேன். பதிலாக ஒரு சொல்லும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. என் மகளின் வயதில் ஒரு பெண் பிள்ளை, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூட உடுப்போடு. அவ்வளவுதான்.

சுவாமி அறையில் அன்று நான் கேட்டது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. என் வேண்டுதலால் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். காற்றுக்கு யார் வேண்டுதலும் கேட்காது. ஆனாலும் அந்தப் படத்தை என்னால் இன்றுவரை அழிக்க முடியவில்லை.

இவர் இப்போது நெல்லியடியில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறார். முன்பைவிடக் கொஞ்சம் கதைக்கிறார். அந்தத் தாதி வேறு ஊருக்கு மாறிவிட்டாள். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் கதைத்துக்கொள்வோம். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, கப்பல் எங்கே என்று எல்லாம் இன்றைக்கு உள்ளங்கையில் தெரிகிறது. தெரிந்து என்ன, ஒன்றையும் என்னால் நிறுத்த முடியவில்லை. அப்படியும் நான் அந்த மாதங்களைத் தாண்டி வந்தேன் என்றால், முகம் தெரியாத ஒருத்தி எனக்காக யன்னலில் நின்றதால்தான். இப்போது அந்த வங்காளதேசப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம், அவருடைய கணவரின் கடைசி நேரத்தில் எங்கள் வீட்டு ஆள் அவரைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்பது மட்டுமே என் மனதை ஓரளவு ஆற வைக்கிறது.